தீயணைப்பு வண்டியில் எத்தனை நிமிடத் தண்ணீர்?

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏப்ரல் மாதத்தில், எங்கள் கல்லூரி மாணவர்கள் இருபது பேரைச் சென்னையில் உள்ள ஒரு தீயணைப்பு நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14 முதல் 20 வரை நாடெங்கும் தீத்தொண்டு வாரம் நடைபெறுவதை நீங்கள் அறிவீர்கள். 1944ஆம் ஆண்டு அதே ஏப்ரல் 14 அன்று, பம்பாய்த் துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டிக்கின்’ என்னும் கப்பல் தீப்பற்றியது. அதில் பஞ்சுப் பொதிகளும் இருந்தன, வெடிமருந்தும் இருந்தது. பஞ்சில் புகைந்த தீயை அணைக்கப் போராடிக்கொண்டிருந்தபோதே கப்பல் வெடித்துச் சிதறியது. அன்று மடிந்த தீயணைப்பு வீரர்கள் 66 பேர். அவர்கள் நினைவாகவே அந்த நாளைத் தீத்தொண்டு நாளாகக் கொண்டாடுகிறோம்.

நிலைய அலுவலர் வண்டியின் பாகங்களை விளக்கி முடித்ததும், வயதில் மூத்த வீரர் ஒருவர் என்னிடம் வந்தார். நீர் பீறிடும் பித்தளை முனையை அவர்கள் ‘பிராஞ்ச்’ என்று சொல்கிறார்கள். அதை என் கையில் கொடுத்தார். “சார், பிடிச்சுப் பாருங்க. கெட்டியாப் பிடிங்க” என்றார். பத்தாண்டுகளுக்கு மேலாக நியூட்டனின் மூன்றாம் விதியைக் கரும்பலகையில் எழுதி வந்தவன் நான். எனக்கு அவர் எச்சரிக்கை தேவைப்படவில்லை என்றே நினைத்தேன். நீர் வந்தது. இரண்டடி பின்னே தள்ளாடினேன். முதுகுக்குப் பின்னால் வேறொரு வீரர் தயாராக நின்றிருந்ததால் விழவில்லை. மாணவர்கள் சிரித்ததில் தவறொன்றும் இல்லை.

பிறகு அதே வீரர் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார். “இந்த வண்டியில எத்தனை நிமிஷத்துக்குத் தண்ணி இருக்குன்னு நினைக்கிறீங்க?” ஒருவன் அரை மணி என்றான், மற்றொருவன் ஒரு மணி நேரம் என்றான். வீரர் தலையசைத்தார். “ஒரு பிராஞ்ச் முழுசாத் திறந்தா ஏழரை நிமிஷம்.” ஏழரை என்றால் நம் ஊரில் என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாணவர்கள் மீண்டும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அன்றிரவு வீட்டுக்கு வந்ததும் காகிதத்தை எடுத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். நீங்களும் உடன் வாருங்கள். பத்தாம் வகுப்பு இயற்பியலே போதும்.

அந்த ஏழரை நிமிடம்

வண்டியின் தொட்டி சுமார் 4,500 லிட்டர் கொள்ளும். பம்பிலிருந்து புறப்படும் துணிக்குழாயின் விட்டம் 63 மில்லிமீட்டர். பிராஞ்சின் வாய் 20 மில்லிமீட்டர். வாயருகே நீரின் அழுத்தம் 5 பார் என்று கொள்வோம்; அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. இந்த அழுத்த ஆற்றல் முழுதும் இயக்க ஆற்றலாக மாறினால், நீர் வெளியேறும் வேகம் வினாடிக்கு 31.6 மீட்டர். மணிக்கு 114 கிலோமீட்டர் என்று மாற்றிப் பாருங்கள். விரைவு ரயிலின் வேகம்!

குழாயின் உள்ளே நீர் இத்தனை வேகத்தில் ஓடுவதில்லை. குழாயின் குறுக்குப் பரப்பு, வாயின் பரப்பைப் போலப் பத்து மடங்கு (63ஐ 20ஆல் வகுத்து இருமடி எடுத்துப் பாருங்கள்). ஆகவே உள்ளே வேகம் வினாடிக்கு 3.2 மீட்டர் மட்டுமே. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி மூடி நீரைத் தூரமாக அடிக்கிறீர்களே, அதே தந்திரந்தான்.

வாயின் பரப்பையும் வேகத்தையும் பெருக்கினால், வினாடிக்குச் சுமார் 10 லிட்டர் நீர் வெளியேறுவது தெரியும். நிமிடத்துக்கு 600 லிட்டர். 4,500ஐ 600ஆல் வகுத்தால் ஏழரை. வீரர் சொன்னது சரி.

இனி என்னைத் தள்ளாட வைத்த விசை. வினாடிக்கு 10 கிலோகிராம் நீர், வினாடிக்கு 31.6 மீட்டர் வேகத்தில் முன்னே போகிறது. வினாடிக்கு அது பெறும் உந்தம் 316 நியூட்டன். அதே அளவு விசை பின்னோக்கி, பிராஞ்சைப் பிடித்திருப்பவர் மீது செயற்படும். ஏறக்குறைய 32 கிலோகிராம் எடை! அரை மூட்டைக்கும் மேற்பட்ட சிமெண்டை உங்கள் மார்பில் வைத்து ஒருவர் ஓயாமல் தள்ளுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். இதைத் தாங்கிக்கொண்டே இருட்டில், புகையில், நனைந்த படிக்கட்டில் ஏற வேண்டும். பிராஞ்சைப் பிடிக்க இருவர் நிற்பது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?

நீர் எப்படி நெருப்பை வெல்கிறது?

தேர்வில் இந்தக் கேள்வியைக் கேட்டால், “நீர் நெருப்பை மூடி ஆக்சிஜனைத் தடுக்கிறது” என்று பலரும் எழுதுகிறார்கள். அதில் சிறிதளவு உண்மை உண்டு. ஆனால் நீரின் பெரிய வேலை வெப்பத்தைக் களவாடுவது. எரியும் மரத்தின் வெப்பம் பக்கத்து மரத்தைச் சூடாக்குகிறது, அதிலிருந்து எரிவளி கிளம்புகிறது, அது பற்றிக்கொள்கிறது. இந்தச் சங்கிலியில் வெப்பத்தைப் பிடுங்கிவிட்டால் தீ தானாக ஓய்ந்துவிடும்.

ஒரு லிட்டர் நீரை 30 டிகிரி செல்சியசிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 294 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். அதே நீர் ஆவியாக மாற 2,257 கிலோ ஜூல் வேண்டும். இரண்டும் சேர்ந்து 2,550 கிலோ ஜூல். பாருங்கள், வெறும் கொதிநிலைக்குச் சூடாவதில் நீர் உண்ணும் வெப்பம் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவுதான். மீதி எல்லாம் ஆவியாவதில் இருக்கிறது. ஆவியாகாமல் தரையில் வழிந்தோடும் நீர், தன் வேலையில் பெரும்பங்கைச் செய்யாமலே போய்விடுகிறது. தீ விபத்து நடந்த இடத்துக்கு மறுநாள் சென்றால் முழங்கால் அளவு நீர் தேங்கியிருக்கும். அத்தனையும் வீணான நீர் என்று சொல்லமாட்டேன். ஆனால் முழுதும் பயன்பட்ட நீரும் அன்று.

நீரை ஆவியாக்க என்ன வழி? பரப்பைப் பெருக்குவதே வழி. ஒரு லிட்டர் நீரை ஒரே உருண்டையாக நினைத்துக்கொண்டால், அதன் புறப்பரப்பு 480 சதுர சென்டிமீட்டர் அளவே. ஒரு நோட்டுத்தாளின் பரப்பு. அதையே ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள துளிகளாகச் சிதறடித்தால், மொத்தப் பரப்பு 6 சதுர மீட்டர்! நூற்றிருபது மடங்குக்கும் மேல். அதனால்தான் வீரர்கள் அறைக்குள் நுழையும்போது நீரைக் கம்பிபோல நேராக அடிக்காமல், விசிறிபோல விரித்துத் தெளிக்கிறார்கள். தொலைவில் இருந்து எட்ட வேண்டுமானால் கம்பி. அருகில் நின்று வெப்பத்தை உறிஞ்ச வேண்டுமானால் விசிறி. முனையைத் திருகினால் இரண்டும் கிடைக்கும்.

நீர் ஆவியாகும்போது கன அளவில் ஏறத்தாழ 1,700 மடங்கு பெருகுகிறது. ஒரு லிட்டர் நீர் 1,700 லிட்டர் நீராவியாகி, அறையிலுள்ள காற்றையும் எரிவளியையும் வெளியே தள்ளும். மாணவர்கள் எழுதும் அந்த ஆக்சிஜன் விடையில் உள்ள உண்மை இதுதான். ஆனால் இந்த ஆவிக்கு வெளியேற வழியில்லாவிட்டால் அது வீரரையே வேகவைத்துவிடும். ஆகவே நீரை அடிக்கும் முன்பே புகை வெளியேற வழி பார்க்கிறார்கள்.

தீக்கும் ஒரு கணக்கு உண்டு

வினாடிக்கு 10 லிட்டர் நீரில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஆவியாவதாகக் கொண்டால், ஒரு பிராஞ்ச் உறிஞ்சும் வெப்பத் திறன் ஏறத்தாழ 8 மெகாவாட். எட்டாயிரம் இஸ்திரிப் பெட்டிகள் ஒருசேரத் தரும் வெப்பம் அது. அவ்வளவு பெரிய ஆற்றல் கையில் இருக்க, தீயணைப்பு வீரர் ஏன் அஞ்ச வேண்டும்?

அஞ்ச வேண்டியது நேரத்துக்கு. எரிபொருளும் காற்றும் தடையின்றிக் கிடைக்கும்வரை, வளரும் தீயின் வெப்பத் திறன் நேரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. பொறியாளர்கள் கட்டடங்களைத் திட்டமிடும்போது இந்த விதியைத்தான் கையாள்கிறார்கள். தீ நாற்புறமும் சம வேகத்தில் பரவினால் எரியும் வட்டத்தின் ஆரம் நேரத்தோடு கூடும். பரப்பு ஆரத்தின் இருமடியாகக் கூடும். விதி எங்கிருந்து வருகிறது என்பது தெளிவு.

நடுத்தர வேகத்தில் வளரும் தீ, 5 நிமிடத்தில் 1 மெகாவாட்டை எட்டும். 10 நிமிடத்தில் அது 2 மெகாவாட் ஆகாது. 4 மெகாவாட் ஆகும். 15 நிமிடத்தில் 9 மெகாவாட். நம் ஒற்றைப் பிராஞ்சின் 8 மெகாவாட்டை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் படியுங்கள். பத்தாவது நிமிடத்தில் வண்டி வந்து நீர் அடிக்கத் தொடங்கினால் தீயைப் போல இருமடங்கு வலிமை நம்மிடம் உண்டு. பதினைந்தாவது நிமிடத்தில் வந்தால் தீ நம்மை முந்திவிட்டது. மேலும், தொட்டியில் இருப்பதோ ஏழரை நிமிட நீர்.

இதனால்தான் பெரிய தீயென்று தகவல் வந்தால், பின்னாலேயே பெரிய தண்ணீர் லாரியையும், பக்கத்து நிலைய வண்டியையும் அனுப்புகிறார்கள். அழைப்பு மணி அடித்த ஒரு நிமிடத்துக்குள் வீரர்கள் வண்டியில் ஏறிப் புறப்பட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு நிமிடத்தை அரை நிமிடமாக்க நாள்தோறும் பயிற்சி செய்கிறார்கள். ஆனால் அதன்பின் சாலையில் வழிவிடாத ஒரு மாநகரப் பேருந்தும், தெருமுனையில் குறுக்கே நிறுத்திய இரண்டு ஸ்கூட்டர்களும் மூன்று நிமிடத்தைத் தின்றுவிட்டால், அந்தப் பயிற்சியால் என்ன பயன்? எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

கூரையின் கீழே ஒரு சூரியன்

அறைக்குள் தீப்பற்றினால் சூடான புகை மேலே எழும்பிக் கூரைக்கடியில் ஒரு படலமாகத் தங்குகிறது. தீ வளர வளரப் படலம் தடித்துக் கீழிறங்கும். அதன் வெப்பநிலையும் ஏறும். 600 டிகிரி செல்சியசை எட்டும்போது என்ன ஆகும் என்று பார்ப்போம்.

சூடான பொருள் வீசும் கதிர்வீச்சு, அதன் தனி வெப்பநிலையின் நான்மடிக்கு நேர்விகிதம் என்பது ஸ்டெபான் விதி. 600 டிகிரி செல்சியஸ் என்பது 873 கெல்வின். முழுக் கரும்பொருளாகக் கொண்டு கணக்கிட்டால் சதுர மீட்டருக்கு 33 கிலோவாட் வருகிறது. புகைப்படலம் முழுக் கரும்பொருள் அன்று. ஆகவே தரையில் வந்து விழுவது 20 கிலோவாட் அளவு எனலாம். சித்திரை மாதத்து நண்பகலில் மெரினா மணலில் வெறுங்காலோடு நின்றிருக்கிறீர்களா? அங்கே சூரியன் தருவது சதுர மீட்டருக்கு 1 கிலோவாட்தான். அதைப் போல இருபது மடங்கு! நாற்காலி, மெத்தை, புத்தகம், திரைச்சீலை எல்லாமே தீ தொடாமலே சில நொடிகளில் பற்றிக்கொள்ளும். அதுவரை மூலையில் இருந்த தீ, அறை முழுவதற்கும் ஆகிவிடும். அதன்பின் அந்த அறையில் எவரும் உயிர் தப்ப முடியாது.

அதற்கு முன்னரே கொல்வது புகை. எரியும் பொருளுக்குப் போதிய காற்று கிடைக்காதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு, நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான ஈர்ப்போடு சேர்ந்துகொள்கிறது. நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஓட நினைக்கும் முன்பே கால் தளர்ந்துவிடும். படலம் மேலே இருப்பதால் நல்ல காற்று தரையருகே இருக்கும். புகை சூழ்ந்த அறையில் நிமிர்ந்து ஓடாதீர்கள், தவழ்ந்து செல்லுங்கள். வெளியேறியதும் கதவைச் சாத்திவிடுங்கள். தீ எரியும் அறையின் கதவைச் சாத்தினால் அதற்குக் காற்று குறையும்; நேரத்தின் இருமடியாக வளரும் அந்தக் கணக்கு உடையும். ஒரு சாதாரண மரக்கதவு பல நிமிடங்கள் தாங்கும். பொருளை எடுக்கத் திரும்பவும் உள்ளே போகக் கூடாது.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் நடந்ததை உங்கள் பெற்றோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சமையற்கூடத்தில் பற்றிய தீ கீற்றுக்கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் மடிந்தார்கள். நீர்த்துளிக்குச் சொன்ன அதே பரப்புக் கணக்கை இங்கே எதிர்ப்புறமாகப் போட்டுப் பாருங்கள். ஒரு தென்னைமரத் துண்டைத் தீக்குச்சியால் கொளுத்த முடியாது. அதே எடையுள்ள காய்ந்த கீற்று மெல்லியது. அதன் பரப்பு மிகப் பெரிது. ஒவ்வோர் ஓலைக்கும் இடையே காற்று உண்டு. அதைக் கூரையாக வேய்ந்தால், சூடான புகை போய்த் தங்கும் அதே இடத்தில் எரிபொருளையும் பரப்பி வைத்ததாகிறது. மேற்சொன்ன 5, 10, 15 நிமிடக் கணக்கெல்லாம் அங்கே செல்லாது. எல்லாம் ஓரிரு நிமிடம். அதன்பின் பள்ளிகளில் கீற்றுக்கூரை விலக்கப்பட்டது. உங்கள் வகுப்பறையின் இரண்டாவது வாசலும், வெளிப்புறம் திறக்கும் கதவும் எதற்காக என்று யாரேனும் கேட்டால், இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

முதுகில் சுமக்கும் காற்று

புகைக்குள் நுழையும் வீரர் முதுகில் ஒரு சிலிண்டரைச் சுமந்து செல்கிறார். நாளிதழ்களில் இதை ‘ஆக்சிஜன் சிலிண்டர்’ என்று எழுதுகிறார்கள். அது தவறு. தீயின் நடுவே தூய ஆக்சிஜனைக் கொண்டுபோவார்களா? அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான், அழுத்தி அடைத்திருக்கிறார்கள். நிலையத்தில் இதை ‘பி.ஏ. செட்’ என்கிறார்கள்.

சிலிண்டரின் கொள்ளளவு 6 லிட்டர். அழுத்தம் 300 பார். பாயில் விதிப்படி, வெளியே வந்தால் 1,800 லிட்டர் காற்று. (இத்தனை அழுத்தத்தில் பாயில் விதி சற்றுப் பிசகும், அதைக் கல்லூரியில் படிப்பீர்கள்.) சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு நிமிடத்துக்கு 8 லிட்டர் காற்று போதும், 1,800 லிட்டர் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் வரும். ஆனால் கனத்த உடையோடு மாடிப்படி ஏறி, குழாயை இழுத்துக்கொண்டு போகும் வீரருக்கு நிமிடத்துக்கு 50 லிட்டர் வேண்டும். 36 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதில் உள்ளே போகும் நேரமும் திரும்பி வரும் நேரமும் அடக்கம். காற்று குறைந்ததும் ஒரு சீழ்க்கை தானாக ஊதும். அப்போது மீதம் இருப்பது ஆறேழு நிமிடக் காற்று. அது ஊதியும் ஒருவர் உள்ளே நிற்கிறார் என்றால், அவர் யாரையோ தேடிக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

உயரமும் ஆழமும்

சென்னை அண்ணா சாலையில் உள்ள எல்.ஐ.சி. கட்டடத்தை அறியாதவர் இரார். 177 அடி, அதாவது 54 மீட்டர் உயரம். 1975 ஜூலையில் அது தீப்பற்றியது. தரையில் நின்று நீரை அடித்தால் அதன் உச்சியை எட்ட முடியுமா? வினாடிக்கு 31.6 மீட்டர் வேகத்தில் நேர் மேலே பாயும் நீர், காற்றின் தடையே இல்லாவிட்டாலும் 51 மீட்டர்தான் எழும்பும். காற்றின் தடையோ மிகப் பெரிது. துளியாக உடைந்து பாதி வழியிலேயே மழையாகப் பெய்துவிடும்.

சரி, குழாயை மாடிக்கு எடுத்துச் சென்று அங்கிருந்து அடிக்கலாமே? ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தைக் கப்பமாகக் கட்ட வேண்டும். 54 மீட்டருக்கு 5.3 பார். அங்கே வாயில் 5 பார் வேண்டுமானால் கீழே பம்ப் 10 பாருக்கு மேல் தள்ள வேண்டும்; குழாயின் உராய்வு வேறு. ஆகவேதான் உயர்ந்த கட்டடங்களுக்குள்ளேயே நீர் நிரம்பிய செங்குத்துக் குழாய்களையும், மாடிதோறும் இணைப்பு வாய்களையும் அமைக்க வேண்டும் என்று விதி உள்ளது. நீரைத் தூக்கும் வேலையைக் கட்டடத்தின் பம்ப் செய்துவிடும். வீரர் குழாயை மட்டும் மாட்டினால் போதும். அந்தச் சிவப்புப் பெட்டிகளின் முன்னால் பழைய மேசைகளை அடுக்கி வைத்திருப்பதை எத்தனை அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன்!

நீர் எட்டுவது மட்டும் போதாது. உள்ளே நுழையவும் வழி வேண்டும். 2017 மே 31 அன்று தியாகராய நகரில் ஏழு மாடித் துணிக்கடை ஒன்று தீப்பற்றியபோது, அடைபட்ட கட்டடத்தில் புகை நிறைந்து வீரர்கள் உட்செல்ல இயலாமற்போயிற்று. மறுநாளும் எரிந்தது, கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. எஃகு உருகினால்தான் விழும் என்று எண்ணாதீர்கள். 550 டிகிரி அளவிலேயே அது தன் வலிமையில் ஏறக்குறையப் பாதியை இழந்துவிடுகிறது. சுமை மட்டும் குறைவதில்லை.

ஆழத்துக்கும் எல்லை உண்டு. தொட்டி நீர் தீர்ந்ததும் கிணற்றிலோ குளத்திலோ குழாயை இறக்குவார்கள். பம்ப் நீரை ‘இழுக்கிறது’ என்கிறோம். உண்மையில் பம்ப் குழாயிலுள்ள காற்றை மட்டுமே நீக்குகிறது. நீரை மேலே தள்ளுவது கிணற்று நீரின்மேல் அழுத்தும் வளிமண்டலம். வளிமண்டலத்தால் நீரை 10.3 மீட்டருக்கு மேல் உயர்த்த இயலாது. இணைப்புகளின் கசிவும் உராய்வும் போக, நடைமுறையில் 7 மீட்டர் கிடைத்தால் நல்லது. கோடையில் பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் நீர் கிடக்கும் கிணற்றின் விளிம்பில் எத்தனை வலிய பம்பை நிறுத்தினாலும் ஒரு சொட்டு ஏறாது. டாரிசெல்லி 17ஆம் நூற்றாண்டிலேயே கண்டு சொன்னது இது.

நீர் பகையாகும் இடங்கள்

வாணலியில் எண்ணெய் தீப்பற்றினால் நீரை ஊற்றக் கூடாது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தீபாவளிப் பலகாரம் செய்யும்போது இது நடந்தது. பதற்றத்தில் ஒரு குவளை நீரை ஊற்றிவிட்டார்கள். அந்த அம்மாவின் கையில் தழும்பு இன்றும் இருக்கிறது. தீப்பற்றும் எண்ணெயின் வெப்பநிலை 350 டிகிரியை ஒட்டி இருக்கும். நீர் எண்ணெயைவிட அடர்த்தி மிக்கது, அடியில் போய்விடும். போன நொடியிலேயே ஆவியாகும். அரைக்கால் லிட்டர் நீர், 200 லிட்டருக்கும் மேற்பட்ட ஆவியாகி, மேலே உள்ள எரியும் எண்ணெயைக் கூரைவரை வீசியெறியும். செய்ய வேண்டியது எளிது: அடுப்பை அணைத்து, வாணலியை ஒரு தட்டால் மூடிவிட்டு, ஆறும்வரை திறக்காமல் இருப்பது.

சமையல் வாயு கசிந்தால்? அதில் உள்ள புரோப்பேனின் மூலக்கூறு எடை 44, பியூட்டேனுடையது 58. காற்றினுடையதோ 29. ஆகவே வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. மேலே போகாது, தரையோடு தவழும். உயரத்தில் உள்ள சன்னலை மட்டும் திறந்தால் போதாது. வாசற்கதவையும் திறக்க வேண்டும். ரெகுலேட்டரை மூடுங்கள். மின்விளக்கு ஸ்விட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி உண்டு. மின்சாரத் தீயில் முதலில் மெயினை நிறுத்த வேண்டும் என்பதை நீங்கள் எட்டாம் வகுப்பிலேயே படித்துவிட்டீர்கள்.

நெருப்பு மட்டுமா? துறையின் பெயரே இன்று தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. கிணற்றில் விழுந்த பசுமாடு, மாஞ்சாக் கயிற்றில் சிக்கிய பறவை, வீட்டுக்குள் புகுந்த பாம்பு, சாலை விபத்தில் நசுங்கிய காரில் மாட்டிக்கொண்டவர், 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த வெள்ளம் எல்லாவற்றுக்கும் அழைப்பு அவர்களுக்குத்தான். நாங்கள் சென்றிருந்த அன்றும் பேச்சின் நடுவே மணி அடித்தது. எனக்குப் பிராஞ்சைக் கொடுத்த மூத்த வீரர் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அந்தச் சொல்லை முடிக்கவில்லை. திரும்பிப் பார்ப்பதற்குள் வண்டி வாசலைத் தாண்டியிருந்தது. அவர் குடித்துக்கொண்டிருந்த தேநீர் பாதியோடு சுவரின்மேல் இருந்தது.

இனி உங்களுக்கு ஒரு வேலை. தீயணைப்பு வண்டியின் அகலம் சுமார் இரண்டரை மீட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நூலும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டிலிருந்து முதன்மைச் சாலை வரையில் தெரு எங்கெங்கே எத்தனை அகலம் என்று அளந்து ஒரு படம் வரையுங்கள். இரவில் வண்டிகள் நிறுத்தியிருக்கும்போதும் ஒருமுறை அளவெடுங்கள். அருகிலுள்ள நிலையத்தின் தொலைவைக் கண்டு, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வர எத்தனை நிமிடம் ஆகும் எனக் கணக்கிடுங்கள். அத்தனை நிமிடத்தில் ஒரு நடுத்தரத் தீ எத்தனை மெகாவாட்டாக வளர்ந்திருக்கும் என்பதையும் எழுதுங்கள். பக்கத்தில் உள்ள கிணறு, அதன் நீர்மட்டம், வண்டி அதன் அருகே நிற்க இடம் உண்டா என்பதையும் படத்தில் குறியுங்கள். படத்தின் ஓரத்தில் 101, 112 என்னும் இரண்டு எண்களையும், உங்கள் வீட்டுக்கு வழிசொல்ல உதவும் ஓர் அடையாளத்தையும் எழுதிவையுங்கள். பதற்றத்தில் பலரும் “தீ, தீ” என்று கத்திவிட்டு முகவரி சொல்லாமலே தொலைபேசியை வைத்துவிடுகிறார்கள் என்று நிலைய அலுவலர் அன்று சொன்னார்.